ஊட்டி, குன்னூர் வீடுகளுக்கு டிஹியூமிடிஃபயர்: அடிக்கடி சளி பிடிக்கிறவர்கள் வாங்கலாமா?

சர்க்கரை இல்லை. இதய நோய் இல்லை. ஓடியாடி வேலை செய்கிற உடம்புதான். ஆனாலும் ஜூனில் பிடித்த சளி நவம்பர் வரை விட்டுவிட்டு வருகிறது. நீலகிரியில் இப்படிப்பட்டவர்களிடம் விற்கப்படும் பொருட்கள் ஏராளம்: நீலகிரித் தைலம், ஆவி பிடிக்கும் கருவி, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபயர், ரூம் ஹீட்டர், ஏர் பியூரிஃபயர், எதிர்ப்புச் சக்தி லேகியம். யாரும் அதிகம் பேசாத ஒன்றும் உண்டு. அறைக் காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்ணீராகத் தொட்டியில் சேர்க்கும் டிஹியூமிடிஃபயர். இந்த மதிப்பீடு முக்கியமாக அதைப் பற்றியது. மற்றவை தேவையான இடத்தில் வரும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சுவரில் பூசணம் பூக்கும் வீடு, கம்பளியை எடுத்தால் தும்மல், மழைக்காலம் முழுக்க மூக்கடைப்பு என்றால் இந்தக் கருவி காசுக்குத் தகும். ஆனால் ஊட்டிக்கு ஒரு வகை, கூடலூருக்கு வேறு வகை. வகை மாறினால் பணம் வீண். வீடு உலர்ந்து வெயில் படுகிற வீடாக இருந்து, பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமிருந்து சளி தொற்றுகிறது என்றால் இதனால் ஒரு பயனும் இல்லை.

வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்

ஆரோக்கியமான பெரியவருக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சளி பிடிப்பது சாதாரணம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டிலும், ஆசிரியர்களுக்கும், கடை கல்லாவில் உட்காருபவர்களுக்கும் அது இன்னும் கூடும். சளிக்குப் பெருங்காரணமான ரைனோவைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகை வந்துபோனதால் கிடைக்கும் பாதுகாப்பு அடுத்த வகைக்குப் பெரிதாக உதவாது. அதனால் "போன மாசம்தானே வந்துச்சு" என்பதில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

இருமல் எத்தனை நாள் நீடிக்கும் என்பதிலும் நம் கணக்கு தப்பு. ஒரு வாரத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம். ஆய்வுகளில் கண்ட சராசரி ஏறக்குறைய 18 நாள். மூன்று சளி வந்தால் 54 நாள் இருமல். மலையில் இந்த மூன்றும் வருடம் முழுக்கப் பரவி வருவதில்லை. மழை மாதங்களில் ஷட்டர் இறக்கிய பஸ்ஸில் ஐம்பது அறுபது பேர் ஒரே காற்றை மூச்சு விட்டுக்கொண்டு போகிறோம். வகுப்பறை ஜன்னலும் வீட்டு ஜன்னலும் சாத்தியே கிடக்கின்றன. எல்லாம் அந்தச் சில மாதங்களில் அடுத்தடுத்து வரும்போது ஒரே சளி ஆறு மாதம் இழுப்பது போலத் தோன்றும். ஏப்ரல், மே சீசனில் மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தோடு பழகும் ஹோட்டல், டாக்ஸி, கடை ஊழியர்களுக்கு மழைக்கு முன்பே ஒரு சுற்று ஆரம்பமாகிவிடும்.

குளிர் பட்டால் சளி பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ள வேண்டாம். குளிர் வைரஸை உண்டாக்காது. ஆனால் ரைனோவைரஸ் 37 டிகிரியைவிட, மூக்கின் உட்புறம் இருக்கும் 33 டிகிரி வாக்கில் நன்றாகப் பெருகும். ஆய்வகத்தில், அந்தக் குளிர்ந்த நிலையில் மூச்சுக்குழாய் செல்கள் காட்டும் எதிர்ப்பு மந்தமாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள்.

தூக்கமும் இதில் கணக்கில் வரும். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 164 ஆரோக்கியமான பெரியவர்களின் மூக்கில் ரைனோவைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மணி நேரத்துக்குக் கீழ் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல். மூக்கடைத்து இரவெல்லாம் புரண்டு படுப்பவருக்கு அடுத்த சளி ஏன் சீக்கிரம் வருகிறது என்பதற்கு இது ஒரு விடை.

ஈரம் எங்கே வருகிறது

அடிக்கடி சளி என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு இருப்பது தொற்றே அல்ல, ஒவ்வாமை. காய்ச்சல் இல்லாமல், மூக்கில் அரிப்போடு, தண்ணீர் போல ஒழுகி, காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல் வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பெட்டியிலிருந்து எடுத்த கம்பளி, தரையில் விரித்த பஞ்சு மெத்தை, பீரோவின் பின்பக்கச் சுவர் ஆகியவைதான் இதன் பிறப்பிடங்கள். தூசிப்பூச்சி வாழக் காற்றில் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்கு மேல் வேண்டும். சுவர்ப் பரப்பில் எழுபது எண்பதைத் தாண்டினால் பூசணம் பூக்கும். ஊட்டியில் ஜூலை மாத வீட்டுக்குள் இவை இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒவ்வாமையால் வீங்கிய மூக்குச் சவ்வு தொற்றுக்கும் வழிவிடும். ரைனோவைரஸில் பல வகைகள் செல்லுக்குள் நுழையப் பிடிக்கும் ஏற்பி ஒன்று, ஒவ்வாமை அழற்சி உள்ள மூக்கில் அதிகமாக முளைக்கிறது. சவ்வு வீங்கி சைனஸ் வாசல் அடைபட்டால் சளி தேங்கி அடுத்த தொல்லை தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரம், பூசணம் பற்றி வெளியிட்ட வழிகாட்டி, ஈரமான வீடுகளில் வாழ்பவர்களுக்கு ஆஸ்துமா மட்டுமல்ல, மூச்சுத் தொற்றுகளும் கூடுதலாக வருகின்றன என்று சொல்கிறது. வீட்டை உலர்த்தும் கருவியைச் சளியோடு சேர்த்துப் பேச இதுவே காரணம்.

முதலில் மீட்டர், பிறகுதான் கருவி

பதினைந்தாயிரம் ரூபாய் கருவிக்கு முன்னால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டரை வாங்குங்கள். எந்தக் கம்பெனி மீட்டராக இருந்தாலும் ஐந்து சதவீதம் அப்படி இப்படிக் காட்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து இறுக மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்த மீட்டர் எப்போதும் ஐந்து கூடுதலாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படுக்கும் அறையில் கட்டிலின் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து தள்ளி வைத்து, காலை எழுந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று ஒரு வாரம் எழுதுங்கள். காலை அளவு தொடர்ந்து 65க்கு மேல் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். 55க்குக் கீழ் என்றால் டிஹியூமிடிஃபயர் வேண்டாம்.

இந்த அளவைப் பார்க்காமல் ஹியூமிடிஃபயர் வாங்குகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சளிக்கு அறையை ஈரப்படுத்தச் சொல்லும் அறிவுரை, ஹீட்டர் போட்டு அறைக் காற்று காய்ந்துபோகும் குளிர் நாடுகளுக்கானது. ஜூலை மாத ஊட்டியில் 85 சதவீத ஈரக் காற்றில் இன்னும் ஈரம் சேர்ப்பது பூசணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது. உறைபனி விழும் ஜனவரியில் மட்டும், ஹீட்டர் ஓடும் அறையில் அளவு 35க்குக் கீழ் போனால், நாற்காலி மேல் ஈரத் துண்டு ஒன்றை விரித்தால் போதும்.

எந்த ஊருக்கு எந்த வகை

அறைக்கு உதவும் டிஹியூமிடிஃபயரில் இரண்டு வகை. கடையில் கேட்டால் பெரும்பாலும் காட்டுவது கம்ப்ரசர் வகை. உள்ளே ஃபிரிட்ஜைப் போலக் குளிர்ந்த சுருள் இருக்கும். காற்று அதில் பட்டு வியர்த்துச் சொட்டும். அறை 25 முதல் 30 டிகிரி வரை இருக்கும்போது இது பிரமாதமாக வேலை செய்யும். அறை 15 டிகிரிக்குக் கீழ் போனால் சுருளில் பனி உறையும். உறைந்ததும் கருவி தானாக நின்று பனியை உருக்கும், மறுபடி ஓடும், மறுபடி உறையும். மின்சாரம் போகும், தண்ணீர் சேராது.

இரண்டாவது டெசிகன்ட் வகை. ஜியோலைட் பூசிய சக்கரம் ஒன்று மெல்லச் சுழன்று ஈரத்தை உறிஞ்சும். உள்ளே உள்ள சிறு ஹீட்டர் அந்த ஈரத்தை ஆவியாக்கித் தொட்டிக்கு அனுப்பும். உறைபனியை நெருங்கும் குளிரிலும் இது ஓடும். கம்ப்ரசர் வகை 150 முதல் 250 வாட் எடுத்தால் இது வேகத்தைப் பொறுத்து 300 முதல் 700 வாட் எடுக்கும். அந்தக் கூடுதல் மின்சாரம் வீணாவதில்லை, முழுக்க வெப்பமாக அறைக்குள்ளேயே வருகிறது. வெளிவிடும் காற்று உள்ளே போன காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்.

ஊர்க் கணக்கு இதிலிருந்தே தெளியும். கூடலூர், பந்தலூர் பக்கம் சுமார் 1,000 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழை கொட்டினாலும் அறை 20 டிகிரிக்கு மேல் இருக்கும். கம்ப்ரசர் வகை போதும். ஊட்டி 2,240 மீட்டர். ஜூலை இரவில் வெளியே 11, 12 டிகிரி. அறைக்குள் 14, 15. இங்கே டெசிகன்ட் வகைதான். எமரால்டு, அவலாஞ்சி பக்கம் சொல்லவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. கொடைக்கானல் 2,100 மீட்டர், அதே கணக்கு. அங்கே மழை கனப்பது அக்டோபருக்குப் பிறகு. குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டர் சுற்றில் இடைப்பட்ட ஊர்கள். வடகிழக்குப் பருவமழையில் அங்கே ஈரம் உச்சம். தெற்குப் பார்த்த, வெயில் படும் வீடு என்றால் கம்ப்ரசர் ஓடும். பள்ளத்தில், தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் வீடு என்றால் டெசிகன்ட் நல்லது.

டெசிகன்ட் கிடைக்கவில்லை, கம்ப்ரசர்தான் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. மாலையில் கதவு ஜன்னலைச் சாத்தி, ஆயில் ஹீட்டர் போட்டு அறையை 18 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு கருவியை ஓட விடுங்கள். இது சும்மா சொல்லும் யோசனை அல்ல. 12 டிகிரியில் 90 சதவீத ஈரமுள்ள காற்றை 18 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 62 வாக்கில் இறங்கிவிடும். தண்ணீர் அப்படியே இருக்கிறது, தாங்கும் திறன்தான் கூடியிருக்கிறது. ஹீட்டர் நின்றதும் பழைய இடத்துக்கே திரும்பும். ஆகவே சூடாக இருக்கும்போதே ஈரத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.

அட்டைப் பெட்டியில் "ஒரு நாளைக்கு 12 லிட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர் இருக்கும். ஊட்டி அறையில், 14 டிகிரி, 85 சதவீதத்தில் இருப்பது 10 கிராம்தான். எடுக்க இருப்பதே பாதிக்கும் குறைவு, சுருளும் உறைகிறது. எனவே அந்தப் பன்னிரண்டு லிட்டர் இங்கே ஒருபோதும் வராது. கையேட்டில் 'இயங்கும் வெப்பநிலை' என்ற வரியையும், 20 டிகிரியில் எவ்வளவு என்ற வரியையும் பாருங்கள். இரண்டாவது வரி இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வரும் கையடக்கக் கருவிகள் பெல்டியர் வகை, அதாவது கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரத்தால் ஒரு சிறு தகட்டைக் குளிர்விப்பவை. நல்ல வெயில் ஊரிலேயே ஒரு நாளில் கால் லிட்டர் எடுத்தால் அதிகம். குளிர் அறையில் கிட்டத்தட்ட ஒன்றும் எடுக்காது. இரண்டு பேர் தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் வெளியாகும் ஈரமே ஒரு ராத்திரிக்கு அரை லிட்டருக்கு மேல் இருக்கும். வாங்காதீர்கள். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் பீரோவுக்குள்ளும் டிரங்குப் பெட்டிக்குள்ளும் நன்றாக உதவும், அறைக்குக் காணாது. டப்பாவில் சேரும் நீர் துணியில் பட்டால் காயாது, தோலை எரிக்கும், மேலே சிந்தாமல் கொட்டுங்கள்.

ஓட்டும் முறை, கெடும் இடங்கள்

கம்ப்ரசர் கருவியை மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்து ஒரு முழு நாள் கழித்தே சுவிட்ச் போடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும். உடனே போட்டால் கம்ப்ரசர் போய்விடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் ஃபிரிட்ஜுக்கு வைப்பது போல ஸ்டெபிலைசர் வையுங்கள்.

சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும். அளவை 50க்கும் 55க்கும் நடுவில் வையுங்கள். 40க்குக் கீழ் இறக்கினால் மூக்கு காய்ந்து வேறு தொல்லை. முதல் வாரம் தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும். 10க்கு 12 அடி அறையின் காற்றில் மொத்தமாக இருப்பது முந்நூறு கிராம் தண்ணீர்தான். நீங்கள் உண்மையில் உலர்த்துவது சுவரையும் மெத்தையையும் மரச்சாமானையும். இரண்டாம் வாரத்திலிருந்து தொட்டி நிரம்புவது குறையும். குறையவே இல்லை என்றால் ஈரம் வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.

அந்த "வேறெங்கோ" பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுவது முதல் காரணம்; ஒரு வாளி துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை காற்றில் சேரும். சமையல் கேஸ் அடுப்பு அடுத்தது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், கொதிக்கும் குழம்பின் ஆவி தனி. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கு இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளில் மேகம் நேராக உள்ளே வரும். சீலிங் போட்டு இடுக்கை அடைக்காமல் அங்கே டிஹியூமிடிஃபயர் ஓட்டுவது மின்கட்டணம் கட்டுவதற்கு மட்டுமே உதவும். மண்ணை ஒட்டிய மலைப்பக்கச் சுவரில் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை பட்டை போல ஈரம் ஏறியிருந்தால், வெளியே காணில் (வடிகாலில்) மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மம்பட்டி எடுத்துக் காணைத் தூர் வாருவது சில வீடுகளில் எந்தக் கருவியையும்விடப் பலன் தரும்.

பீரோ, கட்டில் தலைமாடு எதுவும் வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். ஏற்கெனவே பூத்த பூசணத்தின் மேல் பெயின்ட் அடித்தால் மறுபடி பூக்கும். என்95 மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தேய்த்துத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே பெயின்ட். காய்ந்த நிலையில் துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். மூச்சுத் தொல்லை உள்ளவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கருவியின் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவிக் காயவையுங்கள். தொட்டியின் அடியில் வழவழவென்று படலம் சேரும், வாரம் ஒரு முறை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். தொட்டித் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கவோ மூக்குக் கழுவவோ ஆகாது. செலவு என்று பார்த்தால், டெசிகன்டைக் குறைந்த வேகத்தில் 350 வாட்டில் எட்டு மணி நேரம் ஓட்டினால் 2.8 யூனிட். ஆயில் ஹீட்டரை 1,000 வாட்டில் அதே நேரம் ஓட்டினால் 8 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் ஸ்லாப் தாண்டும் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அறையைக் காயவைக்கவோ சூடாக்கவோ கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் இறந்திருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை, விழிப்பும் வராது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சீகை (வாட்டில்) விறகோ கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கட்டையோ எரியும் புகை மூச்சுக்குழாயைத் துடைக்கும் நுண்ணிய மயிர்களை முடக்கிப்போடும். வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே மாற்றுவது எந்த லேகியத்தையும்விட நல்ல மருந்து.

கூடவே வாங்க வேண்டியது, வேண்டாதது

மூக்குக் கழுவும் 240 மி.லி. பாட்டிலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். 2024இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வேறு உடல் தொல்லை உள்ளவர்களும், வருடத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ சளி போன்ற மூச்சுத் தொற்று வருபவர்களும்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள். சளியின் முதல் அறிகுறியிலேயே உப்பு நீர் ஸ்பிரே அடித்தவர்கள் ஆறு மாதத்தில் சராசரியாக 6.4 நாள் நோயில் கிடந்தார்கள். வழக்கம்போல் விட்டவர்கள் 8.2 நாள். ஸ்பிரேயும் பாட்டிலும் ஒன்றல்ல. ஆனால் ஒவ்வாமை மூக்குக்கும் சைனஸுக்கும் பாட்டில்தான் நன்றாகக் கழுவும்.

ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக வழித்த ஒன்றரை டீஸ்பூன். அயோடின் சேராத உப்பு நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும்; ஆர்.ஓ. தண்ணீரும் கிருமியற்றதல்ல. பக்கத்துக் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் வந்ததை மறக்க வேண்டாம். அது மூக்கு வழியாக நுழைகிறது. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் 1,980 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் குமிழி எழுந்த பிறகு மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்பது விதி. சிங்க் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்ல அழுத்துங்கள். பக்கத்துக்குப் பாதி பாட்டில். பிறகு மூக்கை அடைத்துக்கொண்டு பலமாகச் சிந்தாதீர்கள், காதுக்குப் போகும். காது வலி இருக்கும்போது செய்ய வேண்டாம். பாட்டிலைக் கவிழ்த்து உலரவைத்து, மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றுங்கள். மலை ஈரத்தில் பாட்டிலுக்குள்ளேயே பூசணம் பிடிக்கும்.

நீலகிரித் தைலம் இந்த மண்ணோடு சேர்ந்தது. 1843இல் யூகலிப்டஸ் இங்கே வந்ததாகச் சொல்வார்கள். அதன் மணத்தில் மூக்கு திறந்தது போல ஓர் ஆறுதல் வரும், அது உண்மையான ஆறுதல்தான். ஆனால் சளி வருவதை அது தடுக்காது. கைக்குட்டையில் இரண்டு சொட்டு போதும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஆறவிட்டால் நல்ல தைலம் கறையின்றிப் பறந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் கலப்படம். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு வரலாம், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. அதே அலமாரியில் விற்கும் வின்டர்கிரீன் தைலம் மூட்டு வலிக்கு மட்டும். அதில் ஒரு டீஸ்பூன், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம்.

ஆவி பிடிப்பதால் சளி சீக்கிரம் குறைவதாக ஆய்வுகளில் உறுதியாகத் தெரியவில்லை. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது மட்டும் நிச்சயமான ஆபத்து. தினசரி வைட்டமின் சி சளி வருவதைக் குறைக்காது; நீடிக்கும் காலத்தை எட்டு சதவீதம் போலக் குறைக்கும். ஏர் பியூரிஃபயர் தூசிக்கும் புகைக்கும் உதவும், ஈரத்துக்கு உதவாது. எதிர்ப்புச் சக்தி லேகியங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு வருடாந்திர ஃப்ளூ ஊசியை மழைக்கு முன் போட்டுக்கொள்ளலாம்.

ஈரம் இறங்கியும் சளி இறங்காவிட்டால்

மீட்டர் இரண்டு மூன்று மாதம் 55 காட்டுகிறது, புகை இல்லை, மூக்கும் கழுவுகிறீர்கள், ஆனாலும் தொல்லை தொடர்கிறது என்றால் கருவியில் பிழை இல்லை. நோயின் பெயர்தான் தவறாக இருக்கிறது. விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு இருமலும் மூச்சில் விசில் சத்தமும் வந்தால் ஆஸ்துமாவைச் சந்தேகிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது பலமுறை "பிராங்கைட்டிஸ்" என்ற பெயரில் ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டே போகும். மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை கேளுங்கள். தேயிலைத் தொழிற்சாலைச் சலிப்பறை, காளான் வளர்ப்பு அறை, புறாக்கூடு இவற்றில் இருந்துவிட்டு வந்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் வந்து, விடுமுறையில் சரியாகி, வேலைக்குப் போனதும் திரும்பினால் அதை நிமோனியா என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரலே தூசிக்கு ஒவ்வாமை காட்டுகிறது. நெஞ்செரிச்சலோடு படுத்ததும் வரும் இருமலுக்கு வயிற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்ச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஒரே வருடத்தில் இரண்டு சைனஸ் தொற்று, இரண்டு காதுத் தொற்று, அல்லது வருடா வருடம் ஒரு நிமோனியா என்று வந்தால் டாக்டரிடம் அந்தத் தேதிகளை எழுதிக் கொண்டுபோங்கள். முழு ரத்த அணு எண்ணிக்கை, மூன்று மாதச் சர்க்கரை, எச்.ஐ.வி., மார்பு எக்ஸ்ரே, கூடவே ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களான ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவுகள் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த எதிர்ப்புப் புரதங்கள் உண்மையிலேயே குறைவாக இருப்பவர்கள் அபூர்வம், ஆனால் இருக்கிறார்கள். இருபது முதல் நாற்பது வயதுக்குள் முதன்முறையாகத் தெரியவரும் வகையும் உண்டு. ஐஜிஜி குறைவாக வந்தால், தடுப்பூசிக்கு உடம்பு எதிர்ப்புப் புரதம் உண்டாக்குகிறதா என்பது அடுத்த சோதனை. நுரையீரலில் நிரந்தரச் சேதம் ஏற்படும் முன் இதைக் கண்டுபிடித்தால், இம்யூனோகுளோபுலின் எனப்படும் அந்தப் புரதத்தையே வெளியிலிருந்து செலுத்தும் சிகிச்சை இருக்கிறது.